தேதி போட்ட சட்டமும் போடாத சட்டமும்

1798 பிப்ரவரி 15 அன்று, ஃபிலடெல்ஃபியாவில் கூடியிருந்த அமெரிக்கப் பிரதிநிதிகள் அவைக்குள் கனெக்டிகட் உறுப்பினர் ரோஜர் கிரிஸ்வால்டு கைத்தடியுடன் நுழைந்தார். இருக்கையில் உட்கார்ந்திருந்த வெர்மான்ட் உறுப்பினர் மாத்யூ லயனைத் தலையிலும் தோளிலும் விளாசினார். லயன் தட்டுத்தடுமாறி எழுந்து, கணப்பருகே கிடந்த இரும்பு இடுக்கியை எடுத்துத் திருப்பி அடித்தார். இருவரும் தரையில் கட்டிப் புரண்டார்கள். மற்ற உறுப்பினர்கள் காலைப் பிடித்து இழுத்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. சுமார் இரண்டு வாரத்துக்கு முன்பு, இதே அவையில், லயன் கிரிஸ்வால்டின் முகத்தில் காறித் துப்பியிருந்தார். விடுதலைப் போரில் லயன் கோழையென்று மரவாள் கட்டப்பட்டவர் என்ற பழைய வசையைக் கிரிஸ்வால்டு கிளறியதற்குக் கிடைத்த பதில் அது.

இந்தக் காட்சியை அமெரிக்க வரலாற்று நூல்கள் வேடிக்கைச் செய்தியாகச் சொல்லிக் கடந்துவிடுவதுண்டு. ஆனால் லயனைப் பின்தொடர்ந்து அடுத்த மூன்று ஆண்டுகள் நடந்தால், போர் அதிகாரம், அந்நிய அச்சுறுத்தல், தேர்தல் நேர்மை என்று இன்று தனித்தனியாகப் பேசப்படும் மூன்று விவாதங்களும் ஒரே அவையில், பெரும்பாலும் அதே ஆட்களின் வாயில், ஒன்றாகப் பிறந்ததைப் பார்க்கலாம். அயர்லாந்தில் பிறந்து, கப்பல் கட்டணத்துக்கு ஈடாக உழைக்கும் ஒப்பந்தக் கூலியாக அமெரிக்கா வந்தவர் லயன். அந்த மூன்று விவாதங்களிலும் அவர் அகப்பட்டுக்கொண்டார்.

அச்சம் உண்மையானது. அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1794இல் அமெரிக்கா பிரிட்டனோடு உடன்படிக்கை செய்துகொண்டதைப் புரட்சிப் பிரான்ஸ் துரோகமாக எடுத்துக்கொண்டது. அமெரிக்க வணிகக் கப்பல்களைப் பிடிக்கத் தொடங்கியது. பதினோரு மாதங்களுக்குள் 316 கப்பல்கள் பறிபோயின என்று வெளியுறவுச் செயலர் திமோத்தி பிக்கரிங் 1797 ஜூனில் காங்கிரஸுக்கு அறிக்கை கொடுத்தார். (இந்தக் கட்டுரையில் காங்கிரஸ் என்பது அமெரிக்க நாடாளுமன்றம், செனட், பிரதிநிதிகள் அவை என்று அதற்கு இரண்டு அவைகள்.) அதிபர் ஜான் ஆடம்ஸ் பாரிசுக்கு மூன்று தூதர்களை அனுப்பினார். பிரெஞ்சு அமைச்சர் தாலேரானின் ஆட்கள் அவர்களிடம் பேச்சைத் தொடங்கவே 50,000 பவுண்டு கையூட்டும், அதற்கு மேல் பெரிய கடனும் கேட்டார்கள்.

இந்தச் செய்தி வெளியே வந்த விதம் சுவையானது. ஆடம்ஸ் எதையோ மறைத்து நாட்டைப் போருக்குள் தள்ளுகிறார் என்று ஜெஃபர்சன் அணியினர் சந்தேகப்பட்டார்கள். அவர்கள் அப்போது குடியரசுக் கட்சியினர் என்று அழைக்கப்பட்டார்கள். இன்றைய குடியரசுக் கட்சி வேறு. தூதர்களின் கடிதங்களை அவையில் வைக்கும்படி தீர்மானம் நிறைவேறியது. ஆடம்ஸின் ஃபெடரலிஸ்டு கட்சியில் விஷயம் தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஆதரவாக வாக்களித்தார்கள். ஆடம்ஸ் ஏப்ரல் 3 அன்று கடிதங்களை அனுப்பினார், தரகர்களின் பெயர்களை மட்டும் எக்ஸ், ஒய், இசட் என்று மாற்றி. நாடு கொதித்தது. ஆவணம் கேட்டவர்களின் வாய் அடைத்துப்போனது. நிர்வாகத்தின் ரகசியத்தை உடைப்பது சட்டமன்றத்தின் உரிமை. உடைத்தபின் உள்ளே இருப்பது நமக்குச் சாதகமாகத்தான் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு காங்கிரஸ் போர் அறிவிக்கவில்லை. இந்தப் பகுதியைத்தான் இன்றைய போர் அதிகார விவாதங்களில் யாரும் போதுமான அளவு எடுத்துப் பேசுவதில்லை. போர் தொடுக்கும் அதிகாரத்தை எங்கே வைப்பது என்று 1787இல் அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் விவாதித்தபோது, ‘போர் நடத்த’ என்றிருந்ததை ‘போர் அறிவிக்க’ என்று மாற்றிக் காங்கிரஸிடமே விட்டார்கள். திடீர்த் தாக்குதலை முறியடிக்க மட்டும் அதிபருக்குக் கை கொடுத்தார்கள். 1798இல் அந்த ஏற்பாடு முதன்முறையாக வெளிநாட்டு வல்லரசு ஒன்றுக்கு எதிராகச் சோதிக்கப்பட்டது. காங்கிரஸ் அதிபருக்குப் போரை மொத்தமாகத் தூக்கிக் கொடுக்காமல், அளந்து அளந்து கொடுத்தது. மே 28ஆம் தேதிச் சட்டம் அமெரிக்கக் கரையோரத்தில் திரியும் பிரெஞ்சு ஆயுதக் கப்பல்களைப் பிடிக்கலாம் என்றது. ஜூலை 7 அன்று பிரான்ஸுடனான உடன்படிக்கைகள் ரத்தாயின. ஜூலை 9 அன்று அந்தக் கப்பல்களை எந்தக் கடலிலும் பிடிக்கலாம் என்ற அனுமதி வந்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு சட்டம், ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு வாக்கெடுப்பு.

அந்த அளவுகோலுக்குப் பல் இருந்தது என்பதற்கு ஒரு வழக்கு சாட்சி. பிரெஞ்சுத் துறைமுகங்களுக்குப் போகும் அமெரிக்கக் கப்பல்களைப் பிடிக்கலாம் என்று 1799ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஆடம்ஸ் அரசின் கட்டளையோ அங்கிருந்து வரும் கப்பல்களையும் பிடிக்கச் சொன்னது. கட்டளைப்படி கேப்டன் ஜார்ஜ் லிட்டில் ‘ஃப்ளையிங் ஃபிஷ்’ என்ற கப்பலைப் பிடித்தார். அது டென்மார்க்குக்காரருடையது என்று பிறகு தெரிந்தது. 1804இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு: காங்கிரஸ் ‘போகும்’ என்றுதான் சொன்னது, ‘வரும்’ என்பதைச் சேர்க்க அதிபருக்கு அதிகாரம் இல்லை, கேப்டன் தன் கைக்காசிலிருந்து நட்டஈடு தர வேண்டும். ஒரு பெயரெச்சத்தின் திசைக்காக, மேலிடத்துக் கட்டளைக்குப் பணிந்த ஒரு மாலுமி தண்டம் கட்ட நேர்ந்தது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் சட்டமன்றத்தின் சொல்லுக்குப் போர்க்களத்தில் அவ்வளவு எடை இருந்த காலம் அதற்குப் பின் அமெரிக்காவில் அதிகம் வரவில்லை.

வெளியே இவ்வளவு நிதானம் காட்டிய அதே அவை, உள்நாட்டில் நிதானம் இழந்தது. ஜூன் 18க்கும் ஜூலை 14க்கும் இடையில் நான்கு சட்டங்கள். முதலாவது, குடியுரிமை பெறக் குடியேறியவர் காத்திருக்க வேண்டிய காலத்தை 5 ஆண்டிலிருந்து 14 ஆண்டாக்கியது. இரண்டாவது, ஆபத்தானவர் என்று அதிபர் கருதும் எந்த அந்நியரையும் விசாரணையின்றி வெளியேற்ற அனுமதித்தது. மூன்றாவது, போர் மூண்டாலோ படையெடுப்பு நேர்ந்தாலோ பகைநாட்டுக் குடிமக்களைப் பிடித்து அடைக்கவும் வெளியேற்றவும் வழி செய்தது. நான்காவது, அரசையும் அதிபரையும் காங்கிரஸையும் பற்றிப் பொய்யும் அவதூறும் எழுதினால் இரண்டு ஆண்டுவரை சிறை, 2,000 டாலர்வரை அபராதம் என்றது.

பிரெஞ்சுக்காரன் கப்பலைப் பிடிப்பதற்கும் ஐரிஷ்காரன் வாக்குரிமைக்கு 14 ஆண்டு காத்திருப்பதற்கும் என்ன தொடர்பு? குடியேறிய ஐரிஷ்காரர்கள் பெரும்பாலும் ஜெஃபர்சன் பக்கம் வாக்களித்தார்கள் என்பதே தொடர்பு. மாசசூசெட்ஸ் உறுப்பினர் ஹாரிசன் கிரே ஓட்டிஸ் முந்தைய ஆண்டே, கட்டுக்கடங்காத ஐரிஷ்காரர்கள் கூட்டங்கூட்டமாக வந்து நாட்டின் அமைதியைக் குலைக்க விடமாட்டேன் என்று அவையில் பேசியிருந்தார். எதிரணியின் தலைவராக இருந்து இச்சட்டங்களைக் கண்டித்த ஆல்பர்ட் கலட்டினோ ஜெனீவாவில் பிறந்தவர். அவருடைய ஆங்கிலத்தில் பிரெஞ்சு வாடை அடித்தது. 1793இல் செனட்டுக்குத் தேர்வாகி வந்த அவரை, குடிமகனாகி ஒன்பது ஆண்டு நிறையவில்லை என்று 14க்கு 12 என்ற கணக்கில் வெளியேற்றியிருந்தார்கள். அந்நிய அச்சுறுத்தல் பற்றிய பேச்சு அவைக்குள் எழுந்தபோது, அந்த அந்நியர் எதிர் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்.

நான்காவதான அரசு நிந்தனைச் சட்டம் பிரதிநிதிகள் அவையில் 44க்கு 41 என்று மயிரிழையில் தேறியது. அதன் வாசகத்தில் இரண்டு இடங்களை உற்றுப் பார்க்க வேண்டும். அதிபரை இழித்தால் குற்றம், அவைகளை இழித்தால் குற்றம். துணை அதிபர் பட்டியலில் இல்லை. துணை அதிபர் அப்போது எதிர்க்கட்சித் தலைவரான ஜெஃபர்சன். அவரை யாரும் எப்படியும் ஏசலாம். இரண்டாவது இடம், சட்டத்தின் ஆயுள். 1801 மார்ச் 3 வரை மட்டும். ஆடம்ஸின் பதவிக்காலத்தின் கடைசி நாள் அது. தாங்கள் தோற்றுவிட்டால் அந்தக் கத்தி எதிரியின் கைக்குப் போய்விடும் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. யோக்கியமான காரணம் அல்ல. ஆனாலும் அந்தத் தேதி தன் வேலையைச் செய்தது: 1801 தொடக்கத்தில் சட்டத்தை நீட்டிக்க நடந்த முயற்சி அவையில் தோற்றது, சட்டம் தானாகவே செத்தது. அந்நியரை வெளியேற்றும் சட்டத்துக்கும் இரண்டு ஆண்டுத் தவணைதான். அது 1800 ஜூனில் முடிந்தது. 14 ஆண்டுக் காத்திருப்பை ஜெஃபர்சன் ஆட்சி 1802இல் பழையபடி ஐந்தாக்கியது.

எஞ்சியது பகைநாட்டார் சட்டம். அதற்குத் தவணைத் தேதி இல்லை. காரணம், அதைப் பற்றிப் பெரிய சண்டையும் இல்லை. போர்க்காலத்தில் பகைவனின் குடிமக்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் எந்த அரசுக்கும் வேண்டும் என்பதில் ஜெஃபர்சன் அணியினருக்கும் பெரிதாக மறுப்பில்லை. எதிர்ப்பு இருந்த சட்டங்களில் தேதி விழுந்தது. எதிர்ப்பில்லாத சட்டத்தில் தேதி போட யாருக்கும் தோன்றவில்லை. கூச்சலும் அடிதடியும் நடந்த விவாதங்களைவிட, தலையாட்டி நிறைவேற்றிய மசோதாக்களைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன்.

லயனுக்கு வருவோம். ஆடம்ஸுக்குப் பகட்டிலும் முகத்துதியிலும் தீராத பசி என்று அவர் ஒரு வெர்மான்ட் இதழுக்குக் கடிதம் எழுதியிருந்தார். எழுதியது ஜூனில், சட்டம் வருவதற்கு முன். அச்சில் வந்தது ஜூலைக் கடைசியில், சட்டம் வந்த பின். அக்டோபரில் நான்கு மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் விழுந்தன. சிறையிலிருந்தபடியே டிசம்பரில் மீண்டும் போட்டியிட்டு வென்றார். வெளியே வந்து ஃபிலடெல்ஃபியா திரும்பியதும், தண்டனை பெற்றவர் என்று அவரை அவையிலிருந்து நீக்கத் தீர்மானம் வந்தது. மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் விழுந்தது.

இதற்குள் 1800ஆம் ஆண்டுத் தேர்தல் நெருங்கியது. அமெரிக்க அதிபரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலந்தோறும் தேர்வாளர்கள் வாக்களித்து முத்திரையிட்டு அனுப்பும் சான்றிதழ்களைச் செனட்டின் தலைவர் இரு அவைகள் முன்னிலையில் பிரிப்பார் என்கிறது அரசியல் சட்டம். பிரித்த பிறகு? ‘வாக்குகள் எண்ணப்படும்.’ அவ்வளவுதான். நம் பள்ளிக்கூடத்தில் செயப்பாட்டு வினை சொல்லித்தந்த தமிழாசிரியர் உடனே கேட்டிருப்பார்: யாரால்? அந்த வாக்கியத்தில் எண்ணுகிறவர் இல்லை. சான்றிதழில் கோளாறு இருந்தால் தள்ளுவதா கொள்ளுவதா என்று சொல்பவரும் இல்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்பப் பென்சில்வேனியா செனட்டர் ஜேம்ஸ் ராஸ் 1800 ஜனவரியில் கிளம்பினார். ஆறு செனட்டர்கள், ஆறு பிரதிநிதிகள், தலைமை நீதிபதி எனப் பதின்மூன்று பேர் கதவைச் சாத்திக்கொண்டு எந்த வாக்கு செல்லும், எது செல்லாது என்று முடிவு செய்வார்கள். அதற்கு மேல் முறையீடு கிடையாது. தேர்தல் நேர்மையைக் காப்பதற்கான மசோதா என்றுதான் பெயர். ஆனால் இரு அவைகளிலும் பெரும்பான்மை ஃபெடரலிஸ்டுகளுக்கு. தலைமை நீதிபதியும் அவர்கள் ஆள். பதின்மூன்றில் எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று எண்ணத் தேர்வாளர் தேவையில்லை.

மசோதாவின் வாசகம் வெளியே கசிந்தது. ‘அரோரா’ பத்திரிகையில் அதை அச்சிட்டவர் வில்லியம் டுவேன். இவர் இதற்குமுன் கல்கத்தாவில் பத்திரிகை ஆசிரியராக இருந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழல்களை எழுதி, வங்காளத்திலிருந்து நாடுகடத்தப்பட்டவர். கம்பெனிக்கே பணியாதவர் செனட்டுக்கா பணிவார்? அவமதிப்புக் குற்றம் சாட்டிச் செனட் அவரை அழைத்தது. ஒருமுறை வந்தார், வழக்கறிஞர்கள் சுதந்திரமாக வாதாட அனுமதியில்லை என்றதும் மறுமுறை வரவில்லை. பிடியாணை பிறந்தது; கூட்டத்தொடர் முடியும்வரை தலைமறைவாக இருந்துவிட்டார். ராஸ் மசோதா செனட்டில் தேறியது. பிரதிநிதிகள் அவையில் ஜான் மார்ஷல் அதன் நச்சுப்பல்லைப் பிடுங்கினார். குழு விசாரிக்கலாம், இறுதி முடிவு சொல்லக்கூடாது என்ற திருத்தம் அவருடையது. அவரும் ஃபெடரலிஸ்டுதான். இரு அவைகளுக்கும் ஒத்துவராமல் மசோதா மாண்டது.

1801 பிப்ரவரி 11. தலைநகர் வாஷிங்டனுக்கு மாறிவிட்டது. செனட்டின் தலைவர் என்ற முறையில் சான்றிதழ்களைப் பிரித்தவர் துணை அதிபர் ஜெஃபர்சன், அதாவது வேட்பாளர்களில் ஒருவர். ஜார்ஜியாவின் சான்றிதழ் உரிய வடிவத்தில் இல்லை. ஜெஃபர்சன் அதைத் தனக்கும் தன் துணை வேட்பாளர் ஆரன் பர்ருக்குமான வாக்குகளாகவே சேர்த்துக்கொண்டு நகர்ந்தார். ஜார்ஜியாவின் தேர்வாளர்கள் அவருக்குத்தான் வாக்களித்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் ராஸின் குழு இருந்திருந்தால் அந்தத் தாள் எங்கே போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். ஜெஃபர்சன் 73, பர்ர் 73, ஆடம்ஸ் 65. சமநிலையால் முடிவு பிரதிநிதிகள் அவைக்குப் போனது. மாநிலத்துக்கு ஒரு வாக்கு, 16 மாநிலங்களில் 9 வேண்டும். 35 சுற்றுகளிலும் ஜெஃபர்சனுக்கு எட்டே. வெர்மான்டும் மேரிலாந்தும் உள்ளுக்குள் பிளவுபட்டு வாக்கற்றுக் கிடந்தன. காய்ச்சலில் கிடந்த மேரிலாந்து உறுப்பினர் ஜோசப் நிக்கல்சனைப் பனியில் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்து அறையில் படுக்க வைத்து வாக்கு வாங்கினார்கள். பிப்ரவரி 17 அன்று 36ஆம் சுற்றில் வெர்மான்டின் ஃபெடரலிஸ்டு உறுப்பினர் ஒதுங்கிக்கொள்ள, அம்மாநிலத்தின் வாக்கு மிச்சமிருந்த ஒரே உறுப்பினரின் கைக்கு வந்தது. அவர் மாத்யூ லயன்.

இதற்குப் பின் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. பழைய கேள்விகள் உடை மாற்றிக்கொண்டு வந்தன. ‘எண்ணப்படும்’ என்ற சொல் 1804ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் அப்படியே ஏறியது. 1876 தேர்தல் தகராற்றில் பதினைந்து பேர் குழு ஒன்று எல்லாச் சிக்கலையும் 8க்கு 7 என்று ஒரே கட்சிக்குத் தீர்த்தது. ராஸின் ஆவி சிரித்திருக்கும். 1887இல் ஒரு சட்டம் வந்தது. படித்தவர்களுக்கே குழப்பம் தரும் நடை. ஒவ்வோர் அவையிலும் ஒருவர் எழுதிக் கொடுத்தாலே ஆட்சேபம் விவாதத்துக்கு வந்துவிடும். 2021 ஜனவரி 6 அன்று கலவரக்காரர்கள் அவைக்குள் புகுந்து வெளியேற்றப்பட்ட பின்பும், பென்சில்வேனியாவின் வாக்குகளைத் தள்ளப் பிரதிநிதிகள் அவையில் 138 பேர் வாக்களித்தார்கள். துணை அதிபர் தாமாகவே வாக்குகளை ஒதுக்கலாம் என்ற வாதம் எண்ணுகிறவர் இல்லாத அந்தப் பழைய வாக்கியத்திலிருந்து முளைத்ததுதான். 2022 டிசம்பரில் வந்த திருத்தச் சட்டம், துணை அதிபருக்கு வெறும் சடங்குப் பணியே என்று எழுதியது. ஆட்சேபிக்க ஒவ்வோர் அவையிலும் ஐந்தில் ஒரு பங்கினர் வேண்டும் என்றாக்கியது. 222 ஆண்டுக்கு முன் ராஸ் கைவைத்த ஓட்டை அடைபட்டது, முழுதும் அல்ல என்றாலும்.

வாக்காளர் பட்டியலில் அந்நியர் என்ற அச்சமும் ஓயவில்லை. வாக்காளராகப் பதிவு செய்யக் குடியுரிமை ஆவணம் காட்ட வேண்டும் என்ற மசோதாவைப் பிரதிநிதிகள் அவை 2025 ஏப்ரல் 10 அன்று 220க்கு 208 என்று நிறைவேற்றியது. குடிமக்கள் மட்டுமே வாக்களிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் தகராறில்லை. அது ஏற்கெனவே சட்டம். பாஸ்போர்ட் இல்லாதவர்களும் திருமணத்தில் பெயர் மாறிய பெண்களும் என்ன செய்வார்கள் என்பதே எதிர்ப்பவர்களின் கேள்வி.

போர் அதிகாரத்தில்தான் 1798இன் அளவுகோல் அடியோடு தொலைந்தது. காங்கிரஸ் கடைசியாகப் போர் அறிவித்தது 1942 ஜூனில். 1964 ஆகஸ்டில், வியட்நாம் போருக்கு வழிவிட்ட டோன்கின் வளைகுடாத் தீர்மானம் பிரதிநிதிகள் அவையில் 416க்கு 0, செனட்டில் 88க்கு 2. அதற்கு அடிப்படையாகக் காட்டப்பட்ட ஆகஸ்ட் 4ஆம் தேதித் தாக்குதல் நடக்கவே இல்லை. எதிர்த்த வேய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குருனிங் இருவரும் 1968இல் பதவி இழந்தார்கள். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பதிலடி கொடுக்க அனுமதித்த தீர்மானம், 2001 செப்டம்பர் 14 அன்று, செனட்டில் 98க்கு 0, பிரதிநிதிகள் அவையில் 420க்கு 1. அந்த ஒருவர் பார்பரா லீ. வரப்போகும் தாக்குதல்களைத் தடுக்கவும் அதிகாரம் வேண்டும் என்று வெள்ளை மாளிகை கேட்டதைக் காங்கிரஸ் வெட்டியது உண்மை. ஆனால் நாடு எது, முடிவு எப்போது என்று எழுதவில்லை. அந்தத் தாக்குதலின்போது இல்லவே இல்லாத அமைப்புகள்மீதும் அதே தீர்மானம் பின்னால் பாய்ந்தது.

தேதி போட்ட ஒரு முயற்சி 1973இல் நடந்தது. வியட்நாமில் சூடுபட்டு, நிக்சனின் வீட்டோவை மீறி நிறைவேற்றிய போர் அதிகாரத் தீர்மானம்: 48 மணி நேரத்தில் அறிக்கை, 60 நாளில் அனுமதி, இல்லையென்றால் படை திரும்ப 30 நாள். இடையில் இரு அவைகளும் சாதாரணப் பெரும்பான்மையில் நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும். இதற்காகப் பாடுபட்ட செனட்டர் தாமஸ் ஈகிள்டனே கடைசி வாக்கெடுப்பில் எதிர்த்தார். இது அதிபரைக் கட்டவில்லை. அவருக்கு 90 நாள் போரை இலவசமாகத் தருகிறது என்றார். அவர் சொன்னதற்கு மேலும் நடந்தது.

முதல் அடி எதிர்பாராத இடத்திலிருந்து விழுந்தது. ஜெகதீஷ் ராய் சாத்தா கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளி மாணவர். விசா முடிந்தும் அமெரிக்காவில் தங்க அனுமதி பெற்றிருந்தார். பிரதிநிதிகள் அவை தனித் தீர்மானம் போட்டு அதை ரத்து செய்தது. 1983இல் உச்ச நீதிமன்றம், அதிபரின் கையொப்பத்துக்கு அனுப்பாமல் அவைகள் இப்படி நிர்வாக முடிவைத் தள்ளுபடி செய்வது செல்லாது என்றது. ஒரு மாணவரின் குடியேற்ற வழக்கில் போர் நிறுத்தும் வழியும் அடைபட்டது. இனி நிறுத்தச் சொல்லும் தீர்மானமும் அதிபரிடம் போக வேண்டும்; அவர் வீட்டோ போட்டால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கணக்கு தலைகீழானது: போருக்குப் பெரும்பான்மை சேர்க்க வேண்டியவர், போரை நிறுத்தவிடாமல் தடுக்க 34 செனட்டர்களை வைத்திருந்தால் போதும். 2019இல் ஏமன் போரிலிருந்து விலகச் சொன்ன தீர்மானம் 54க்கு 46, 247க்கு 175 என்று இரு அவைகளையும் கடந்தது. டிரம்ப்பின் வீட்டோவை மீற முடியவில்லை.

60 நாள் கெடுவை 2011இல் லிபியா விழுங்கியது. கெடு முடிந்தும் குண்டுவீச்சு தொடர்ந்தபோது, தரைப்படை இல்லை, நம் பக்கம் சாவில்லை, ஆகவே இது சட்டம் சொல்லும் ‘போர்ச்செயல்’ அல்ல என்று ஒபாமா அரசின் சட்ட ஆலோசகர் ஹெரால்டு கோ செனட் குழுவில் வாதாடினார். அடிபடுகிறவர்கள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ. ஆனால் பழியை அவர்மேல் மட்டும் போட முடியாது. ஜூன் 24 அன்று பிரதிநிதிகள் அவை போருக்கு அனுமதி தரமாட்டேன் என்று 295க்கு 123 கணக்கில் சொன்னது. அதே நாளில் போருக்கான பணத்தைக் குறைக்கவும் மாட்டேன் என்று 238க்கு 180 கணக்கில் சொன்னது. வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். தோற்றால் அதிபரைத் திட்டலாம், வென்றால் கூடவே நிற்கலாம். 1798இன் உறுப்பினர்கள் அடித்துக்கொண்டார்கள்; வாக்கெடுப்பிலிருந்து ஒளிந்துகொள்ளவில்லை. 2025 ஜூனில் ஈரான்மீது குண்டு விழுந்த ஐந்தாம் நாள், செனட்டில் வந்த கட்டுப்பாட்டுத் தீர்மானம் 47க்கு 53 என்று தோற்றது.

அந்தத் தேதியில்லாப் பகைநாட்டார் சட்டம் 1812இலும் இரண்டு உலகப் போர்களிலும் பயன்பட்டது. மூன்றுமே அறிவிக்கப்பட்ட போர்கள். 2025 மார்ச்சில் டிரம்ப் அதை எடுத்து, வெனிசுவேலாவின் குற்றக்கும்பல் ஒன்றைப் படையெடுப்பாளர் என்று அறிவித்தார். அதன் பேரில் பலர் எல் சல்வடார் சிறைக்கு விமானத்தில் அனுப்பப்பட்டார்கள். நீதிமன்றங்கள் படையெடுப்பு என்றால் என்ன என்று 1798 ஆம் ஆண்டு வாசகத்தைப் பிரித்துப் படிக்கத் தொடங்கின.

லயன் கட்டிய அபராதத்தைக் காங்கிரஸ் 1840இல் அவருடைய வாரிசுகளுக்கு வட்டியுடன் திருப்பிக் கொடுத்தது. அவர் இறந்து அப்போது 18 ஆண்டாகியிருந்தது. பகைநாட்டார் சட்டத்தை நீக்கும் மசோதாவை 2025 ஜனவரியில் கொண்டுவந்தவர்கள் பிரதிநிதிகள் அவையின் இல்ஹான் ஓமரும் செனட்டின் மேஸி ஹிரோனோவும். ஒருவர் சோமாலியாவில் பிறந்தவர், மற்றவர் ஜப்பானில். மசோதா குழுவுக்கு அனுப்பப்பட்டது.